தகர டின்னுக்குக் கொடுத்த குரல்

ஆனி 9, ஞாயிறு

காலை முதல் காற்று. மேற்கு மலையில் சாரல், இங்கே தேனியில் வெறும் புழுதி.

வெட்கக்கேடுதான், எழுதி வைக்கிறேன். மகள் தனத்தைப் பெண் பார்க்கக் கூடலூரிலிருந்து வந்தவர்களை இன்றைக்கு நானே விரட்டிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

வந்தவர்கள்: மாப்பிள்ளைப் பையன், லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை, நல்ல உயரம், வாய் திறக்காத பையன். அவனுடைய அப்பா, கடைசி வரை சிரிக்காத அம்மா. அப்பாவின் அண்ணன் ஒருவர், எல்லோரும் ‘பெரியவுக’ என்கிறார்கள், மீசையும் பெரிது. கூடவே இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த என் மச்சினன் சுருளி.

ஜமுக்காளம், கேசரி, மிக்சர், எல்லாம் ஒழுங்கு. தனம் காப்பித் தட்டோடு வந்தாள். பச்சைச் சேலை. முதலில் பெரியவரிடம் நீட்டினாள். அவர் டம்ளரைக் கையில் எடுத்த நேரம் பக்கத்து வீட்டு மாடியில், ரூபி டீச்சர் வீட்டில், தகர டின் கடகடவென்று அடித்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “ஏஏய்... ஓடு, ஓடு, ஓடிப் போ, ஹோய்” என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்தல். கையாவது சும்மா இருந்ததா. தோள் துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றியிருக்கிறேன். நுனி பட்டு டம்ளர் கவிழ்ந்தது. காப்பி பெரியவர் மடியில். வெள்ளை வேட்டி.

டின் மட்டும் இன்னும் கொஞ்சம் அடித்து ஓய்ந்தது.

உட்கார்ந்தேன். “குருவி” என்றேன். வேறு என்ன சொல்ல.

பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டே எழுந்தார். “ராகுகாலம் வரப்போகுது. கெளம்புவோம்.” ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் கிடந்தது. தட்டுகளில் பாதிக் கேசரி.

அவர்கள் தெரு முனை திரும்பும் வரை என் வீட்டுக்காரி பேச்சி பொறுத்தாள். அப்புறம்:

“ஏங்க, வெளையாட்டுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா? பெத்த மக விசயத்துலயுமா?”

“வெளையாட்டு இல்ல பேச்சி. தானா வந்துருச்சு.”

“தானா வாரதுக்கு அது என்ன ஏப்பமா?”

நம்பமாட்டாள். யாரும் நம்பமாட்டார்கள். என் கல்யாணத்தில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு முடிச்சுப் போடத் தெரியாதவன் மாதிரி முழித்து, அய்யரை வேர்க்கவைத்தவன் நான். அதுவும் கயிற்றுக் கடைக்காரன். அப்படிப்பட்டவன் சொன்னால் எவன் நம்புவான்.

தனம் சேலையை மாற்றிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். இது மூன்றாவது இடம். முன்னே இரண்டு இடமும் ஜாதகம் பொருந்தாமல் நின்றன. இதில் ஜாதகம் பொருந்தியிருந்தது.


ஆனி 10, திங்கள்

காற்று அதேதான். கடைத் தட்டி இரண்டு தடவை விழுந்தது.

வியாபாரம்: கிணற்றுக் கயிறு, தொட்டில் கயிறு, மூக்கணாங்கயிறு. தொட்டில் கயிறு வாங்க வந்தவரிடம் வழக்கமாக ஒரு கேலி வைத்திருப்பேன். இன்றைக்கு அளந்து கொடுத்து அனுப்பினேன். அவருக்கே என்னவோ போல இருந்தது. நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எதிர்ப் பாத்திரக் கடைக்காரர்: “என்னண்ணே, மாப்பிள்ள வீட்டுக்காரவுகள கேசரி திங்க விடாமத் தொரத்திட்டீகளாம்ல. சீனி அவ்வளவு தட்டுப்பாடா?” பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரிப்பு. என் வாய் சும்மாவே இருந்தது. நானாக இருந்தால் இதைவிட நன்றாகக் கேட்டிருப்பேன்.

காரணத்தைப் பேச்சியிடம் சொல்லப் போனேன். “அடுப்புல பாலு இருக்கு” என்று போய்விட்டாள். உரக்கடையில் கொடுத்த இந்த டைரிக்கு அடுப்பு கிடையாது. கேட்கட்டும்.

எங்கள் புஞ்சை கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரம். வீடும் புஞ்சைக்குள்தான், கூரை வீடு, சுற்றி வேறு வீடு இல்லை. அய்யா மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் எப்போது இறங்குவார் என்று தெரியாது. நானும் ஆத்தாவும். சோளம் பால் பிடித்துவிட்டால் என் பள்ளிக்கூடம் பரண் மேல்தான். நாலு கம்பு, மேலே ஒரு தட்டி, அதில் உட்கார்ந்து குருவி விரட்டுகிற உத்தியோகம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றதும் இப்படித்தான்.

பரணுக்குப் பக்கத்து வேம்பில் மண்ணெண்ணெய் டின் ஒன்று தொங்கும், உள்ளே உடைந்த ஏர்க் கொழுமுனை. அதிலிருந்து கயிறு அடுப்படி சன்னல் வரைக்கும். ஆத்தா வலது கையால் களி கிண்டிக்கொண்டே இடது கையால் கயிற்றை இழுப்பாள். டின் அடிக்கும். அடித்ததும் நான் கத்த வேண்டும். ஓடு, ஓடு, ஹோய். குருவிக்காக மட்டும் இல்லை. பையன் தூங்கவில்லை, விழவில்லை, பூச்சி பொட்டு கடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கத்தல் கேட்கவில்லையென்றால் அகப்பையோடு ஓடி வந்துவிடுவாள். களி அடிப்பிடித்துவிடும். பிடித்த களியை நான்தான் தின்ன வேண்டும். அதனால் தூக்கத்திலேயே கத்தப் பழகினேன். கண் திறக்கும் முன் வாய் திறக்கும்.

டீச்சர் வீட்டிலும் அதே ஏற்பாடு. மாடியில் மோர்மிளகாய், வற்றல். காக்கை, போதாததற்குக் குரங்கு. போன வாரம்தான் டின் கட்டியிருக்கிறார்கள், கயிறு கீழே அடுப்படி சன்னலுக்கு. பகலெல்லாம் நான் கடையில். ஞாயிறு அன்றுதான் முதல் தடவை என் காதில் விழுந்தது. ஆத்தா போய் எத்தனையோ வருஷம். புஞ்சையும் கைமாறிவிட்டது. வாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல.

கயிறு என் கடையில் வாங்கியது. டீச்சர் ஆயிற்றே என்று நல்ல கயிறாகப் பார்த்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.


ஆனி 11, செவ்வாய்

ரூபி டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் அந்த டின்.

“அண்ணாச்சி, எல்லாம் எங்க வீட்டு டின்னாலதான்னு பேச்சி சொன்னாங்க. எனக்கு மனசே கேக்கல. கழட்டிட்டேன். வத்தல காக்கா தின்னா தின்னுட்டுப் போகட்டும்.”

“காக்காவுக்கும் பசிக்கும்ல டீச்சர்” என்றேன். சிரித்தார்கள். இரண்டு நாளில் என்னால் சிரித்த ஒரே ஆள்.

மதியம் சுருளி வந்தான். முகம் சரியில்லை. கூடலூரில் ஆளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

“மச்சான், பையனுக்குப் புடிச்சிருக்கு. தாய் தகப்பனுக்கும் பரவாயில்ல. பெரியவுகதான் மொறண்டு புடிக்காக. ‘பொண்ணப் பெத்தவனே வாசல்ல வந்தவன ஓடிப்போண்டு சொல்லிட்டான், இதவிட என்னடா சகுனம் வேணும்’ங்காக.”

“வேட்டி கறை போச்சாமா?”

“நீங்க திருந்தவே மாட்டீக.”

கேட்டது உண்மையாகத்தான் கேட்டேன். போகவில்லையென்றால் புது வேட்டி எடுத்துக் கொடுக்கலாம் என்று.

ஆடி பிறக்க நாள் அதிகம் இல்லை. அதற்குள் பேச்சு முடியவில்லையென்றால் ஆடியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆவணிக்குள் அந்தப் பையனுக்கு வேறு இடம் பார்த்துவிடுவார்கள். பவர் ஹவுஸ் மாப்பிள்ளை, சும்மா விடுவார்களா.

வாங்க: து.பருப்பு, வி.எண்ணெய், மிஷினுக்கு ஊசி (தனம் கேட்டது. என்னிடம் இல்லை, பேச்சியிடம்).


ஆனி 13, வியாழன்

சாரல் கீழே இறங்கிவிட்டது. ஈரக் காற்று. பதில் ஒன்றும் இல்லை.

டின் இல்லாமல் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் காது மாடிப்பக்கம் போகிறது. கடையில் கயிறு அளக்கும்போது முழக்கணக்கு விட்டுப்போகிறது. டின் அடிக்காத நேரமெல்லாம் அடிக்கப்போகிற நேரமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் யாரோ தகரக் கதவைச் சாத்தினார்கள், பாதி எழுந்துவிட்டேன்.

பரண் மேலேயும் இப்படி ஒரு நேரம் உண்டு. வெகுநேரம் டின் அடிக்கவில்லையென்றால் எனக்குத்தான் பயம் வரும். ஆத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று. அப்போது நானே சும்மா கத்துவேன், குருவியே இல்லாத கொல்லையைப் பார்த்து. உடனே டின் அடிக்கும். அப்புறம்தான் உட்காருவேன். அவளும் என்னைத்தான் கேட்கிறாள், நானும் அவளைத்தான் கேட்கிறேன். குருவி நடுவில் தின்றுவிட்டுப் போகும்.

இதையெல்லாம் நான் நினைத்து எத்தனையோ வருஷம். இப்போது ஏன் வருகிறது. வேலை கெடுகிறது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தனத்தின் குரல். பேச்சியிடம்.

“பெரியவுக காப்பி எடுக்கைல பின்னாலருந்து அவுக என்னயப் பாத்துச் சிரிச்சாகம்மா. நானும் சிரிச்சிட்டேன். அப்பறந்தான் அப்பா கத்துனாரு.”

“விடுத்தா. வேற எடம் வரும்.”

“எனக்கு வேற எடம் வேணாம்.”

செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். சாப்பாடு இல்லை.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். காக்கை ரொம்ப அட்டகாசம், பாவம் மோர்மிளகாய், டின்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, உங்களுக்கு என்னதான் வேணும்?”

தெரிந்தால் சொல்லமாட்டேனா.


ஆனி 15, சனி

சந்தை நாள். கடைக்குப் பூட்டு. சந்தை நாளில் பூட்டியதே இல்லை. பேச்சியிடம் கம்பத்தில் தேங்காய் நார் விலை பார்க்கப் போகிறேன் என்று ஒரு பொய். கூடலூர் பஸ் ஏறினேன்.

சின்னமனூர் தாண்டி ரோட்டோரம் திராட்சைத் தோட்டம். பந்தல் நெடுக டின் கட்டியிருக்கிறது. பார்த்ததும் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பஸ் போகிற வேகத்தில் கேட்காது என்று நினைத்தேன். அங்கேதான் டிரைவர் வேகத்தைக் குறைத்தார், முன்னால் மாட்டு வண்டி. ஒரு பொம்பளை கயிற்றை இழுத்தாள். துண்டுக்குள்ளிருந்து ஹோய்.

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டார். “யாருய்யா அது எறங்கணும்? முன்னாடியே சொல்ல மாட்டீகளா?” ஒருவரும் இறங்கவில்லை. பக்கத்து சீட்டுக் கிழவர் என்னைக் கையால் காட்டினார். இறங்கி, பின்வாசலில் திரும்ப ஏறினேன். புது டிக்கெட் போடப் பார்த்தார் மனுஷன்.

கம்பம் வந்தபோது மேற்கே எட்டிப் பார்த்தேன். மலை இருக்கிற இடத்தில் மேகம்.

கூடலூரில் வீடு கண்டுபிடிப்பது சிரமமில்லை. மாப்பிள்ளையின் அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார். “வாங்க” என்றார். வெறும் வாங்க. ‘வாங்க மச்சான்’ இல்லை.

உட்காரவைத்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பரண், டின், கயிறு, களி, எல்லாம். நடுவில் ஒரு கேலியும் சேர்க்கவில்லை. இப்படி நான் பேசி நானே கேட்டதில்லை. அவர் சத்தமில்லாமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரித்தார். “பஸ்லயுமா?” என்று இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன். திரும்பக் குலுக்கல்.

பையனின் அம்மா அடுப்படி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சிரிக்காத அதே முகம்.

“பதிலுக்குக் கத்தலேண்டா ஒங்க ஆத்தா என்ன செய்யும்ணே?”

“ஓடியாந்துரும் தாயி. அகப்பையோட.”

நிலையை விட்டு வெளியே வந்தது. “எங்காத்தா வெங்கலத் தட்டத் தட்டும். நான் ஓடைக்குள்ள ஆட்ட மேய்ச்சுக்கிட்டுக் கெடப்பேன். தட்டுச் சத்தம் கேட்டா கூவணும். இல்லேண்டா ஊரக் கூட்டிரும்.”

“இப்பத் தட்டுச் சத்தம் கேட்டா கூவுவீகளா?”

“எனக்கென்ன கிறுக்கா?” என்றது. முகம் மாறவில்லை. ஆனால் அண்ணே என்று கூப்பிட்டது. அது போதும் என்று எழுந்திருக்கப் போனேன். உட்காரச் சொன்னது.

“நான் ஒத்துக்கிட்டேண்ணே. ஆனா பெரியவுக சகுனம்ண்டு ஒரு சொல்லு சொல்லிட்டாக. அத மீறி நாங்க கட்டிவச்சா, நாளைக்கி அந்தப் புள்ளைக்கி ஒரு தலவலி வந்தாலும் ‘நான் அண்டைக்கே சொன்னேன்’ம்பாக. மாடு கண்டு போட்டுச் செத்தாலும் அதான் சொல்வாக. அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டு அந்தப் புள்ள இங்கன காலந்தள்ளணுமா?”

நியாயமாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு வாய் ஓடாது.

“பாப்போம்” என்றார் பையனின் அப்பா. மோர் கொடுத்தார்கள்.

பஸ் ஏற மாப்பிள்ளைப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான். வழி நெடுக ஒரு பேச்சில்லை. நானும் விட்டுப்பிடித்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் சன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

“தனம் நல்லாருக்காகளா?”

“கோவமா இருக்கா. என் மேல.”

“கோவப்பட வேணாம்ண்டு சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் தனத்திடம், “கூடலூர்ல ஒரு ஆளு ஒனக்கு ஒரு சேதி சொல்லிவிட்டுருக்கு. நாளைக்கிச் சொல்றேன், இப்பத் தூக்கம் வருது” என்றேன். ஒரு வாரமாக என்னோடு பேசாதவள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து வழியை மறித்து நின்றாள்.

“அப்பா.”

சொன்னேன். திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். துணி வைக்காமலே மிதித்துக்கொண்டிருந்தாள்.

நார் விலை என்னவென்று பேச்சி கேட்டாள். ஏறிவிட்டது என்றேன்.


ஆனி 17, திங்கள்

வெயில். காற்று விடவில்லை.

சுருளி ஓடி வந்தான். கூடலூர் முடிவு: வெள்ளிக்கிழமை வீரபாண்டியில் அம்மனிடம் பூக்கேட்பது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் இதோடு இந்தப் பேச்சே கிடையாது. யோசனை பையனின் அம்மாவுடையதாம். அம்மன் சொன்னால் சரி என்று பெரியவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

மோர் கொடுத்துவிட்டு இப்படி ஒரு வேலை. மனுஷரிடம் கெஞ்சலாம், பூவிடம் என்ன பேசுவது.

பேச்சி அப்போதே மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். அவளுக்கு அது வழி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்குப் போவது, திரும்ப வருவது, தண்ணீர் குடிப்பது, போவது.

சாயங்காலம் தனம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “செவப்பு வந்துருச்சுண்டா?”

எந்தக் கேள்விக்கும் ஒரு கேலி இருக்கும் என்னிடம். தேடினேன். இல்லை. “வராது” என்றேன்.

“ஒங்களுக்கெப்படித் தெரியும்?”

அந்த நேரம் டீச்சர் வீட்டில் டின் அடித்தது. கத்தினேன். தனம் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. டீச்சர் சன்னலிலிருந்து “ஸாரி அண்ணாச்சி” என்றார்கள். பரவாயில்லை டீச்சர், இழுங்க என்றேன்.


ஆனி 20, வியாழன்

நாளைக்கு: தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், நல்ல துண்டு (பழையது காப்பிக் கறை), தட்டு ஒன்று தாம்பாளமாக.

தட்டைப் பேச்சி வாங்கச் சொல்கிறாள். சிவப்பு வந்தால் தட்டு வீண் என்று நான். அந்த வாயைக் கொண்டுபோய் ஆற்றில் கழுவுங்க என்றாள். தட்டு வாங்கியாயிற்று. எதிர்க்கடைக்காரர் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தார். நன்றாக இல்லை.

தூக்கம் பிடிக்கவில்லை. எழுதவும் பிடிக்கவில்லை.


ஆனி 21, வெள்ளி

காலையிலேயே வீரபாண்டி. முல்லையாற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. காற்றில் சூடம் நிற்கவில்லை. இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். பெரியவர் புது வேட்டி. என்னிடமிருந்து எட்டியே நின்றார். தனம் அதே பச்சைச் சேலை. வேறு கட்டச் சொல்லிப் பேச்சி கேட்டும் மாற்றவில்லை.

பொட்டலங்களைப் பையனின் அம்மா வீட்டிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தது. வாழையிலையில் மடித்து வாழைநாரால் கட்டு. “இங்கன வந்து கட்டுனா ஆளாளுக்குக் கண்ணு போடுவாக” என்று பூசாரி கையில் கொடுத்தது. பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. முடிச்சு நல்ல முடிச்சு, உருவினால் இறுகுகிற ஜாதி. தொழில் தெரிந்த கை.

பூசாரி அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். சாமி கும்பிட வந்த யாரோ வீட்டுப் பெண் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு, அதைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அது முதலில் தேங்காயை எடுத்தது. எல்லோரும் “அதில்லத்தா, பொட்டணம், பொட்டணம்.” என் நெஞ்சு காதில் அடித்தது. டின்னைவிடப் பெரிய சத்தம். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி நாரை இழுத்தார், வரவில்லை, பல்லால் கடித்து அறுத்தார்.

வெள்ளை அரளி.

பேச்சி குலவை போட்டாள். கூட நின்ற, யாரென்றே தெரியாத பொம்பளைகளும் போட்டார்கள். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தாளே சொல்லிட்டா. இனி எவன் என்ன சொல்ல” என்று அவர்தான் முதலில் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, “ஆனா நீரு கலியாணத்தண்டைக்குத் துண்டு போடக் கூடாது” என்றார். சம்மதித்தேன். தட்டு மாற்றினோம். மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க மச்சான், காப்பி குடிப்போம்” என்றார். மாப்பிள்ளைப் பையன் தனத்தைப் பார்த்தான், தனம் தூணைப் பார்த்தாள்.

மிச்சமிருந்த பொட்டலத்தைப் பூசாரி நீட்டினார், ஆற்றில் விட்டுவிடச் சொல்லி. அந்த அம்மா கை நீட்டுவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். சந்தோஷத்தில் எந்த வேலையானாலும் செய்கிற நிலைமை. “குடுங்கண்ணே, நான் விட்டுக்கிர்றேன்” என்றது. “நீங்க நில்லுங்க தாயி” என்று படித்துறைக்கு வந்துவிட்டேன்.

விட்டிருக்கலாம். முடிச்சுத்தான் கையை விடவில்லை. இத்தனை வருஷம் கயிறு விற்றவன், அந்த முடிச்சு எப்படிப் போட்டது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அவிழ்ந்துகொள்ளும். அவிழ்ந்தது.

இதிலும் வெள்ளை அரளி.

படிக்கட்டில் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா மேல்படியில் தனியாக நின்றுகொண்டிருந்தது. அதே முகம். முந்தானையை இழுத்துச் சொருகியது.

“ஆத்துல விடத்தானண்ணே சொன்னாக.”

“ஆமா தாயி” என்றேன்.

குனிவதற்குள் பின்னாலிருந்து ஒரு கிடா வந்தது. யாரோ நேர்ந்துவிட்ட கிடா, நெற்றியில் மஞ்சள், கழுத்தில் மாலை. சாமிக் கிடாவை அடிக்கவும் முடியாது, வையவும் முடியாது. பூவைத் தின்றது, இலையைத் தின்றது, நாரைத் தின்றது. அப்புறம் என் துண்டில் ஒரு முழம் தின்றது.